கையெழுத்துக்கு முன் ஒரு நிமிட வாசிப்பு

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். நான் எம்.சி. ரோடு கடைகளுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். மகன் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. புதிய கல்விக் கொள்கை வந்துவிட்டது, இனி மனப்பாடம் கிடையாது, எல்லாம் ஆக்டிவிட்டிதான் என்று சொன்னார்கள். அந்த ஆக்டிவிட்டியை ராத்திரி பதினொரு மணிக்கு நான்தான் செய்கிறேன். இந்த வாரம் தெர்மகோலில் சூரியக் குடும்பம். ரேங்க் கார்டில் எல்லாமே ‘குட்’. ஆனால் தமிழ்ப் பேப்பரில் தலைப்பைக்கூடத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறான். போன வாரம் ஒரு தாள் வந்தது: ஆண்டுத் தேர்வில் போதிய மதிப்பெண் வாங்காவிட்டால் ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்தி வைக்க எங்களுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். கணவர், ‘பெயிலாக்கினால்தான் புத்தி வரும், போடு’ என்கிறார். மாமியார், ‘கார்ப்பரேஷன் ஸ்கூல்லயே சேர்த்துடு, சோறும் போடறாங்க’ என்கிறார். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை இருக்கிறது. பையன் வாசிப்பில் சரியாக எந்த இடத்தில் நிற்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை. பள்ளியும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. பார்த்திருந்தால் ‘குட்’ என்று எழுதிய கையோடு இப்படி ஒரு தாளை அனுப்பியிருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கும்வரை எந்த முடிவும் வேண்டாம் என்பதுதான் நான் சொல்லப்போவது. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்க நாள் குறித்திருப்பார்கள், அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம், எட்டாம் வகுப்பு முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் ஆண்டுத் தேர்வு உண்டு, தவறினால் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்து, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும், அதிலும் தவறினால் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பது ‘உரிய அரசின்’ விருப்பம் என்று ஆனது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன்னுடைய விதிகளை மாற்றி, நிறுத்தி வைக்கலாம் என்று அறிவித்தது. தமிழ்நாடு அரசு, எட்டாம் வகுப்புவரை நிறுத்துவதில்லை என்ற பழைய நிலையிலேயே இருந்துகொண்டது. இங்கேயும் ஒருமுறை ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, பெற்றோர் எதிர்த்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

சரி, உரிய அரசு எது? அதே சட்டத்தின் 2ஆம் பிரிவில் இருக்கிறது. மத்திய அரசு நடத்துகிற பள்ளிக்கு மத்திய அரசு. மாநிலத்துக்குள் இருக்கும் மற்றப் பள்ளிகளுக்கு மாநில அரசு. எந்த வாரியத்தில் இணைந்த பள்ளி என்ற பேச்சே அதில் இல்லை. கேந்திரிய வித்யாலயா மத்திய அரசுப் பள்ளி. ஒரு டிரஸ்ட் நடத்துகிற உங்கள் பேட்டைப் பள்ளி, சி.பி.எஸ்.இ. பாடம் நடத்துகிறது என்பதற்காக மத்திய அரசுப் பள்ளி ஆகிவிடாது. நான் வக்கீல் இல்லை, பள்ளி தரப்பில் வேறு வாதம் சொல்லலாம். ஆனால் சட்டம் சந்தேகமில்லாமல் அவர்கள் பக்கம் இருந்தால் உங்கள் கையெழுத்து அவர்களுக்கு எதற்கு?

சும்மா மறுத்துவிட்டு வராதீர்கள், பதிலுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். என் மகன் எந்தப் பாடத்தில், எந்தத் திறனில் பின்தங்கியிருக்கிறான்? அதற்கு இன்றிலிருந்து ஆண்டுத் தேர்வுவரை என்ன கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பீர்கள்? மறுதேர்வு எப்போது? இவ்வளவுதான். அவர்கள் எந்த 2024 விதியைக் காட்டுகிறார்களோ அதே விதி, வகுப்பாசிரியர் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும், எந்த இடத்தில் இடைவெளி என்று கண்டுபிடித்து உதவ வேண்டும், தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியை விட்டு அனுப்பவும் கூடாது. கடிதத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிற முறை அவர்களுடையதாக இருக்கட்டும்.

இனி பையன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-26-ல் ஐந்தாம் வகுப்பு என்றால், எல்.கே.ஜி. முடிகிற சமயம், 2020 மார்ச்சில், பள்ளியை மூடினார்கள். யு.கே.ஜி. முழுக்கப் போனில். ஒன்றாம் வகுப்பு 2021. தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்ததே அந்த ஆண்டு நவம்பர் 1 அன்றுதான். ஜனவரியில் திரும்ப மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். ஆனா ஆவன்னாவைக் கையைப் பிடித்து எழுதவைக்க வேண்டிய வயதில் உங்கள் மகன் நாலு அங்குலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் அப்பா வண்டிக்குப் போகாத நேரத்தில் போன் கிடைத்திருந்தால்.

சீர்திருத்தங்களும் அவனுக்கு ஒரு வருடம் பிந்தியே வந்தன. உங்கள் பள்ளி மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வைத்திருந்தால் இதைச் சரிபார்க்கலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் 2023-ல் வந்தது. அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புக்கு 2024-ல் வந்தது. அப்போது நான்காம் வகுப்பு. நான்குக்கும் ஐந்துக்கும் 2025-ல். அடிப்படையை விளையாட்டாகக் கற்றுக்கொடுக்கிற புத்தகம் எதுவும் அவன் கைக்கு வரவில்லை, அந்த அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது என்று நம்பி எழுதிய ஐந்தாம் வகுப்புப் புத்தகம் மட்டும் வந்தது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்று மத்திய அரசு 2021-ல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு 2026-27. அவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டி வந்துவிட்டான்.

எனவே அவன் மந்தம் என்றோ சோம்பேறி என்றோ யாராவது வீட்டில் சொன்னால், சொல்ல விடாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மெஷினை மூடி வைத்துவிட்டு, அரை மணி நேரம் இதைச் செய்யுங்கள். மாநில அரசின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வேண்டும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் இருபது முப்பது ரூபாய்க்குள் தேறும். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகமா என்று அவன் சிணுங்கினால், தங்கைக்கு வாசித்துக் காட்டு என்று சொல்லுங்கள், தங்கை இல்லையென்றால் பாட்டிக்கு. அவன் பார்த்திராத ஒரு கதையைத் திறந்து, போனில் ஒரு நிமிடம் வைத்து, வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். ‘அடச்சே’ என்று முகம் காட்டாதீர்கள். எங்கெங்கே நிற்கிறானோ அந்தச் சொல்லை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

அந்தத் தாள்தான் நமக்கு முக்கியம். டீச்சராக இருந்த என் அனுபவத்தில், இப்படித் தடுமாறுகிற பிள்ளைகள் கண்ட இடத்தில் நிற்பதில்லை. கொம்பு வரும் இடத்தில் நிற்பார்கள். ‘கொடி’யில் கொம்பைப் பார்ப்பான், பின்னால் வரும் காலைப் பார்க்க மாட்டான், ‘கெடி’ என்பான். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் ‘தேள்’ ‘தெள்’ ஆகும். அதைவிட மோசம் உகர வரிசை. மற்ற வரிசைகளில் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரிக் குறி போட்டால் போதும், இதில் ‘கு’வுக்கு ஒரு சுழி, ‘சு’வுக்கு வேறு, ‘து’வுக்கு வேறு. ஊகாரம் இன்னும் கஷ்டம். வகுப்பில் இதை மூன்று நாளில் நடத்திவிட்டுப் போவார்கள், ஆறு வாரம் வேண்டும். உங்கள் தாளில் பத்துச் சொல் இருந்தால் ஏழெட்டு இந்த இரண்டு வகையில் அடங்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் அவனுக்குத் தெரியாதது தமிழ் இல்லை. இருபது முப்பது எழுத்துகள், அவ்வளவுதான்.

ஒருவேளை தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டு, ‘கதையில் என்னடா நடந்தது’ என்று கேட்டால் விழிக்கிறானா? அது வேறு நோவு, அதற்கு மருந்தும் வேறு. அவனோடு தினமும் பேசிப் பேசி வாசிக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு வேறொரு வழி. அவனுடைய பாடப் புத்தகத்தில், நடத்தி முடித்த பாடத்தைத் திறந்து, மேலே பாதிப் பக்கத்தை உங்கள் கையால் மறைத்து, நடு வரியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை அங்கிருந்து போய்விடுவான். மனப்பாடம் செய்த பிள்ளை உங்கள் கையை நகர்த்தப் பார்ப்பான், முதல் வரியிலிருந்து எடுத்தால்தான் அவனுக்கு ஓடும். பள்ளி ஆண்டு விழாவில் கணீரென்று ஆங்கிலம் பேசிக் கைதட்டல் வாங்கிய ஒரு பெண், இந்தச் சோதனையில் என் கையை மூன்று தடவை நகர்த்தினாள். டி.எச். ரோட்டில் நடக்கும்போது கடைப் பலகைகளையும் வாசிக்கச் சொல்லுங்கள், அவற்றை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

கணக்குக்கு ஒரே ஒரு கணக்கு: 42-லிருந்து 18-ஐக் கழி. 24 என்றால் பிரச்சினை இல்லை. 36 என்று எழுதினால், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கத்தான் அவனுக்குத் தெரியும், மேலே கீழே எது இருந்தாலும் சரி. கடன் வாங்கிக் கழித்தல் என்று நாங்கள் காலங்காலமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு பையன் என்னிடம், ‘கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர், எப்ப குடுப்போம்?’ என்று கேட்டான். நியாயமான கேள்வி! அன்றிலிருந்து நான் ‘கடன்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். நாலு பத்து ரூபாய், இரண்டு ஒரு ரூபாய் கையில் கொடுத்து, பதினெட்டு ரூபாய் கொடுடா என்றால், ஒரு பத்து ரூபாய்க்குச் சில்லறை மாற்ற வேண்டும் என்று அவனுக்கே தோன்றும். மாற்றிக் கொடுத்த பிறகு அதையே தாளில் எழுதச் சொல்லுங்கள். காசிமேட்டில் மீன் வாங்க அனுப்பினால் மீதி சரியாக வாங்கி வருகிற பிள்ளைதானே.

இதற்குப் பிறகு தினமும் அரை மணி நேரம் போதும். அவன் நிற்கிற இடத்திலிருந்து ஒரு படி மேலே, அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பாடத்தை அந்த அரை மணிக்குள் கொண்டுவராதீர்கள். இன்றைக்கு நின்ற ஐந்து சொல், நாளைக்கு அதே ஐந்து சொல் வரும் வேறு ஒரு பத்தி. உங்களுக்கு நேரம் இல்லையென்றால் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண் யாராவது இருந்தால் கேளுங்கள், டியூஷன் வேண்டாம், இது மட்டும் போதும் என்று. மும்பையிலும் வதோதராவிலும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இப்படி அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தது பிரதம் என்ற தொண்டு நிறுவனம். பலன் இருக்கிறதா என்று அளந்து பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள், 2019-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். பலன் இருந்தது. இங்கே, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும், தன்னார்வலர்கள் மாலையில் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லிக் கொடுத்த அரசுத் திட்டம், அதே வழிதான். பள்ளி திறந்த பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் செய்த ஆய்வில், மூடிக்கிடந்த காலத்தில் விட்டதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஆறே மாதத்தில் பிள்ளைகள் பிடித்துவிட்டதாகத் தெரிந்தது. அதில் கால் பங்கு அந்த மாலை வகுப்புகளால். உங்கள் மகன் பத்து வயது. காலம் கடந்துவிடவில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. நான் 1989-ல் வடசென்னையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன், 2021-ல் ஓய்வு. நான் சேர்ந்த காலத்தில் பெயில் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனை நிறுத்தி வைத்தோம், நானும் சேர்ந்துதான் முடிவு செய்தேன். மறு ஜூனில் அதே வகுப்பு, அதே புத்தகம், அதே நான், போன வருடம் எப்படி நடத்தினேனோ அப்படியே நடத்தினேன். போன வருடம் புரியாதது இந்த வருடம் எப்படிப் புரியும்? அவனைவிட ஒரு தலை குட்டையான பிள்ளைகளோடு கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். தீபாவளிக்குப் பிறகு வரவில்லை. சில வருடம் கழித்துக் காசிமேட்டில், மீன்பாடி வண்டியில் ஐஸ் பெட்டியோடு போனவன் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, ‘நல்லா இருக்கீங்களா டீச்சர்’ என்று கேட்டான். கோபம்கூட இல்லை அவனுக்கு.

பெயிலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எடுத்த பிறகு என்ன செய்தோம்? வாசிக்கத் தெரியாத பிள்ளையை மூட்டை மாதிரி ஒவ்வொரு வகுப்பாகத் தூக்கி வைத்துக்கொண்டே போய் ஒன்பதாம் வகுப்பு வாசலில் இறக்கினோம். உங்கள் கணவர் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது.

இப்போது சீர்திருத்தத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு.

2003-ல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து, முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007-ல் அது மாநிலம் முழுக்கப் போயிற்று. நீங்கள் இப்போது கேள்விப்படுகிற ‘ஆக்டிவிட்டி’க்கு அக்கா அது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டோம். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை அடித்தார்கள், ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டோம். ஏணி மாதிரி படம் போட்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு அட்டை. பிள்ளை தன் படிக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, செய்து முடித்து, அடுத்த படிக்குப் போகும். வகுப்பில் நாற்பது பேரும் நாற்பது இடத்தில் இருக்கலாம், யாரும் பெயில் இல்லை, யாரையும் இழுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். அருமையான யோசனை என்று இப்போதும் சொல்வேன்.

என் வகுப்பில் ஒரு சிறுமி, ‘ஞ’ வரிசை அட்டையிலேயே இரண்டு வாரம் நின்றுவிட்டாள். அவளோடு தனியாகப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். நான் ஒருத்தி, மூன்று வகுப்பும் சேர்த்துப் பாய் முழுக்கப் பிள்ளைகள். நாளைக்குப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. சுவரில் மாட்டியிருந்த அடைவு அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. நான் டிக் அடித்தேன். மறுநாள் வந்தவர்கள் அட்டவணையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. அடுத்த முறையும் டிக் அடித்தேன்.

அதன் பிறகு எத்தனையோ வந்தன. 2012-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, செயல்பாட்டுக்கு இத்தனை மதிப்பெண் என்றார்கள், மறு மாதமே பள்ளிக்கு எதிரே ஸ்டேஷனரி கடையில் செய்து வைத்த செயல்பாடு விற்பனைக்கு வந்துவிட்டது. உங்கள் தெர்மகோல் சூரியக் குடும்பத்துக்கு வயது அவ்வளவு. இப்போது தேசியக் கல்விக் கொள்கை மதிப்பெண்ணுக்குப் பதில் முழுமையான முன்னேற்ற அட்டை என்கிறது. நல்ல ஆசிரியர் கையில் அது பிள்ளையை முழுசாகப் பார்க்கிற அட்டை, மற்றவர்கள் கையில் நான் அடித்த அதே டிக். உங்களுக்கு வந்த ‘குட்’ எந்த வகை என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும்.

கொள்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மும்மொழி, பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டம், மத்திய அரசு நிறுத்தி வைத்த 2,152 கோடி ரூபாய் என்றுதான் பேசுகிறார்கள். அதெல்லாம் பேச வேண்டிய விஷயம்தான், நானும் இருமொழி போதும் என்ற கட்சிதான். ஆனால் 2020 கொள்கையின் இரண்டாம் அத்தியாயத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொடக்கப் பள்ளிகளில் இருக்கும் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. இது முதலில் நடந்தால்தான் கொள்கையில் மற்றவை பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றும் சொல்கிறது. உங்கள் பள்ளி முதல்வரைப் பார்க்கும்போது புதிய கல்விக் கொள்கை என்று ஆரம்பித்தால், அந்த அத்தியாயத்தைக் கேளுங்கள்.

மாமியார் சொன்ன யோசனை. அதைத் தள்ளிவிடாதீர்கள், ஆனால் சோறு காரணமாக வேண்டாம். காலை உணவு ஐந்தாம் வகுப்புவரைதான், ஆறாம் வகுப்பில் மதியச் சத்துணவு மட்டும். (1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தவர், வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர். அந்தப் பெருமை நம் பக்கத்துக்கு உண்டு என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.)

மாற்றுவதென்றால் ஆறாம் வகுப்புக்கு மாற்றுங்கள், அதைத் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்குதான். கல்லூரி போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டமும் அந்தப் படிப்பைத்தான் கேட்கிறது. ஏழாம் வகுப்பில் சேர்த்தால் இந்தக் கதவு சாத்திவிடும். ஆக உங்களுக்கு ஜூன்வரை அவகாசம். பள்ளியில் பாக்கியைக் காட்டி டி.சி.யை இழுத்தடித்தால் பயப்படாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கட்டண வசூலுக்கான கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் சொல்லியிருக்கிறது.

எந்தப் பள்ளி என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரே தெருவில் இரண்டு கார்ப்பரேஷன் பள்ளி இரண்டு விதமாக இருக்கும். மாநில அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கி, மறு ஆண்டே ஐந்துவரை வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுப்பது அதன் அடிப்படை. போய்ப் பார்க்கும்போது, உங்கள் வகுப்பில் மொட்டு நிலையில் யார் யார் என்று டீச்சரைக் கேளுங்கள். பதிவேட்டைத் தேடாமல் இரண்டு மூன்று பெயரைச் சொல்லி, அவள் இதில் நிற்கிறாள், இவன் இப்போதுதான் தேறினான் என்று சொன்னால் அங்கே சேர்க்கலாம். நாலு பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நாலிலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் எல்லோரும் பலகையைப் பார்த்து எழுதியது. ஆளுக்கொரு விதமாகத் தப்பு இருந்து, சிவப்பு மையில் திருத்தி, கீழே பிள்ளை மறுபடி எழுதியிருந்தால் அந்த வகுப்பில் வேலை நடக்கிறது. இதே சோதனையை இப்போதைய பள்ளியிலும் செய்யுங்கள். அங்கே தேறினால் மாற்றவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய சொற்பட்டியலை எனக்கு அனுப்புங்கள். பையன் பெயரோ பள்ளிப் பெயரோ வேண்டாம், நின்ற சொற்கள் மட்டும். எந்த வரிசையிலிருந்து தொடங்குவது என்று எழுதுகிறேன்.

அந்தத் தெர்மகோல் உருண்டைகளை இன்று ராத்திரி அவனிடமே கொடுத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள். கிரகங்களின் பெயரை அவனே தமிழில் எழுதி ஒட்டட்டும். ‘புதன்’, ‘பூமி’, ‘நெப்டியூன்’, எல்லாம் அவன் தடுமாறுகிற எழுத்துகள்தான்.